வந்துட்டேன்

மாடியில் குடியிருந்த தையல்காரி வேலை முடிந்து வந்து கதவைத் திறந்ததும், விளக்கைப் பட்பட்டென்று அணைத்து அணைத்துப் போட்டாள். பின்னாலேயே படியேறி வந்த வீட்டுக்காரி அவளைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டாள்.

"தினமும் யாருக்கும்மா இந்த சிக்னல்? எதிர்வீட்டு ஆளுக்கா?"

"ஐயோ, அம்மாவுக்குக்கா! அவங்களுக்குச் சுத்தமா காது கேக்காது. சின்ன வயசுல வேலைக்குப் போக ஆரம்பிச்சதுலேர்ந்து, வந்துட்டேன்னு இப்படித்தான் சொல்லுவேன்."

வீட்டுக்காரியின் சுருதி இறங்கியது. "அம்மா வந்திருக்காங்களா? சொல்லவே இல்லையே!" என்று உள்ளே எட்டிப் பார்த்தாள். ஒற்றைக் கட்டில் காலியாகக் கிடந்தது.

"அம்மா தவறினதுக்கப்புறம்தான்க்கா இந்த வீட்டுக்கே வந்தேன்" என்றாள் தையல்காரி. "ஆனா, சொல்லாம நுழைஞ்சா யாரோ வீட்டுக்குள்ள வந்துட்ட மாதிரியே இருக்கு."