எட்டாம் அளவு

எட்டாம் அளவு பூட்ஸைத் தேடிக் கொட்டகைக்குள் நுழைந்தேன்.

வெளியே மகள் நிற்கிறாள். ஆற்றில் இறங்க அவளுக்கு இன்றுதான் முதல் நாள்.

கொட்டகை, ஆற்றுப் பாதுகாப்புச் சங்கத்துடையது. ஞாயிறு காலையில் இருபது பேர் கூடுவோம். பாதி நேரம் குப்பை பொறுக்குவது. மீதி நேரம் மற்றவர்கள் தூண்டில் போடுவார்கள். இறகில் கட்டிய பொய்ப் பூச்சி, மீனின் வாயைக் கிழிக்காத கொக்கி. பிடித்த மீனைத் திரும்ப ஆற்றிலேயே விட்டுவிட வேண்டும். சட்டிக்கு வராத மீனுக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா என்று என் கணவரை வருடக்கணக்காகக் கேலி செய்திருக்கிறேன்.

இப்போது நானும் வருகிறேன். ஞாயிற்றுக்கிழமையை வேறு எங்கே கொண்டுபோய்க் கொட்டுவதென்று தெரியவில்லை.

எட்டு மாதத்துக்கு முன், ஒரு செவ்வாய்க்கிழமை, விடுப்பு போட்டுவிட்டுத் தனியாக வந்தவர் இதே ஆற்றில் போய்விட்டார். தூண்டில் போடும்போது கால் வழுக்கியிருக்கிறது என்றார்கள். வெறுங்காலோடுதான் கிடைத்தார். பூட்ஸை ஆறு கழற்றிக்கொண்டு போயிருக்கும் என்றார் சங்கத் தலைவர். ஆற்றைப் பற்றி அவர் சொன்னால் மறுபேச்சு கிடையாது.

மகள் ஐந்து மாதம் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். பிறகு ஒருநாள் எழுந்து வந்து, அப்பா தனக்குப் பிடித்ததைச் செய்துகொண்டே போனார் என்றாள். அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் தலை வாரினாள், சாப்பிட்டாள், கல்லூரிக்குப் போனாள். இன்று அவர் நின்ற இடத்தில் தானும் நிற்க வேண்டுமென்று வந்திருக்கிறாள்.

எனக்கு அந்த வாக்கியமும் இல்லை, அழுகையும் இல்லை. மரத்துப்போன காலைத் தூக்கி வைப்பதுபோல ஒவ்வொரு நாளையும் தூக்கி வைக்கிறேன்.

கீழ் வரிசையில் ஏழு இருந்தது, ஒன்பது இருந்தது, எட்டு இல்லை.

அப்பாவுக்கும் மகளுக்கும் ஒரே அளவு. பதினாலு வயதிலிருந்தே அவர் செருப்பை இவள் மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள். அவர் வாசலில் வெறுங்காலோடு நின்று கத்துவார்.

முக்காலியைப் போட்டு ஏறினேன். வலைகளுக்குப் பின்னால், மேல் கொக்கியில், சாக்கு போர்த்தி ஏதோ தொங்கியது. விலக்கினேன்.

ஒரு ஜோடி பூட்ஸ். வலது காலில் பச்சைக் கயிறு. பழைய கயிறு அறுந்தபோது நான் கோத்துக் கொடுத்தது.

ஆறு கொண்டுபோன பூட்ஸ்.

சங்கத்தில் ஒரு கண்டிப்பு உண்டு. கரையேறியதும் பூட்ஸைக் கழுவி, தலைகீழாக மாட்டி, ஓர் அட்டை கட்ட வேண்டும். ஓர் ஆற்றின் பாசி இன்னோர் ஆற்றுக்குப் போய்விடக் கூடாதாம். அட்டையில் மூன்று கட்டம். கழுவிய நாள், மாட்டிய நேரம், அடுத்து இறங்கும் நாள். மற்றவர்கள் ஒன்றை நிரப்பினாலே பெரிய விஷயம். என் கணவர் மூன்றையும் நிரப்புவார்.

இதிலும் கட்டியிருந்த அட்டையைத் திருப்பினேன்.

முதல் கட்டத்தில் அந்தச் செவ்வாய்க்கிழமையின் தேதி. அவர் கையெழுத்துதான்.

இரண்டாவதில், காலை பத்தேகால்.

மூன்றாவதை அவர் காலியாக விடவில்லை. குறுக்கே ஒரு கோடு போட்டிருந்தார். ஸ்கேல் வைத்ததுபோல நேர்க்கோடு. கட்டட வரைபடம் வரைவது அவர் தொழில், கை நடுங்கி நான் பார்த்ததில்லை. அன்றும் நடுங்கவில்லை போலிருக்கிறது.

வழுக்கி விழுகிறவர் யாரும் பூட்ஸைக் கழுவி மாட்டிவிட்டுப் போய் விழுவதில்லை.

உள்ளே ஏதாவது உடையும் என்று காத்திருந்தேன். முக்காலி மட்டும் லேசாக ஆடியது.

திரும்பினால், வாசலை அடைத்துக்கொண்டு தலைவர் நிற்கிறார். எப்போது வந்தாரோ. என் கையிலிருந்த அட்டையைப் பார்த்தார், தலையைக் குனிந்துகொண்டார். சாக்கை யார் போர்த்தியது என்று நான் கேட்கவில்லை. எட்டு மாதமாக மனிதர் ஏன் இளைத்துக்கொண்டே போகிறார் என்பது மட்டும் புரிந்தது.

உதட்டை அசைத்தார். தங்கச்சி என்று தொடங்கியிருப்பார். வாசலைவிட்டு மட்டும் அசையவில்லை.

அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து மகளின் குரல் வந்தது.

"அம்மா, எட்டு கெடச்சுதா? எல்லாரும் எறங்கிட்டாங்க."

அட்டையை அவிழ்த்துப் பைக்குள் போட்டேன். சாக்கைப் பழையபடி போர்த்தினேன். பச்சைக் கயிற்றின் நுனி வெளியே எட்டிப் பார்த்தது, அதையும் உள்ளே செருகினேன். இறங்கி, கீழ் வரிசையிலிருந்து ஒன்பதை எடுத்துக்கொண்டேன்.

"எட்டு இல்லம்மா. ஒன்பது இருக்கு, உள்ள துணி வச்சு இறுக்கிக் கட்டி விடறேன். வழுக்காது."