கை வலி

நகைக்கடைகளுக்காக மோதிரங்களை மிக நெருக்கத்தில் படமெடுப்பது அவருடைய தொழில். பக்கத்தில் நின்று ஃப்ளாஷைத் தூக்கிப் பிடிப்பது மனைவியின் வேலை. பத்துப் படம் தாண்டினால் அவள் கை தொய்ந்துவிடும். ஃப்ளாஷ் இறங்க, மோதிரத்தின் நிழல் நீளும்.

"நேராப் பிடின்னா கேக்குறியா?" என்று எரிந்து விழுவார்.

"நீங்க பிடிச்சுப் பாருங்க, தெரியும்."

அவள் இறந்த பிறகு ஒரு ஸ்டாண்டு வாங்கினார். அதற்குக் கை வலிக்காது.

இன்று எடுத்த படங்களை வரிசையாகப் பார்த்தார். பத்து வரை நிழல் ஒரே அளவு. பதினொன்றில் கொஞ்சம் நீண்டிருந்தது. பன்னிரண்டில் இன்னும் கொஞ்சம். ஸ்டாண்டு வைத்த உயரத்திலேயே நின்றது.

"போதும்மா, கையக் கீழ போடு," என்றார் காலி அறையில்.

பிறகு ஒரு படம் எடுத்தார். ஃப்ளாஷ் பளிச்சென்று மின்னியது. படத்தில் மோதிரம் இருட்டில் கிடந்தது.