நாற்பது பிள்ளைகளின் குரல்

"ஆறு மாசத்துக்கு முன்னம் வாய் ஓயாமக் கதைச்ச பிள்ளை, டொக்டர். இப்ப ஒரு சொல் இல்லை. எல்லாம் கையாலைதான் காட்டுறார்."

சொல்லும்போதே சிவானிக்குக் குரல் உடைந்தது. மூன்றரை வயது மகன் ஆரூரன் அவள் மடியில் இருந்தபடி டொக்டர் பௌஸியின் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

குழந்தைகளின் மனத்தில் மொழி எப்படி முளைக்கிறது என்று ஆராய்கிறவள் சிவானி. கொழும்பில் கொட்டாஞ்சேனையிலும் கொச்சிக்கடையிலும் நாற்பது பிள்ளைகளின் பேச்சைப் பதிவு செய்து வந்து, ஆறு மாதமாக வெள்ளவத்தை வீட்டில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அதைச் சொல் சொல்லாக எழுதிவருகிறாள். ஒரு பிள்ளைக்கு வந்த மொழி திரும்பிப் போனால் அது என்ன அறிகுறி என்று மாணவர்களுக்குப் பாடமும் எடுத்திருக்கிறாள். படித்ததெல்லாம் இப்போது பேயாக வந்து பயமுறுத்தியது.

என்னோடு நன்றாகத்தானே கதைக்கிறார் என்று கீழ்வீட்டு இரத்தினம்மா சொல்லத்தான் செய்தாள். ஆறுதலுக்குச் சொல்கிறாள் என்று சிவானி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பதிவில் இல்லாத பேச்சை அவள் தொழிலில் பேச்சாகவே எடுப்பதில்லை. கப்பலில் வேலை செய்யும் கணவன் சுகிர்தனிடம் இன்னும் மூச்சு விடவில்லை.

பௌஸி பிள்ளையைச் சத்தம் புகாத காதுப் பரிசோதனை அறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார். அரை மணித்தியாலம் ஆயிற்று. உள்ளேயிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. கடவுளே, காதாக இருந்தால்கூடப் பரவாயில்லை, மெஷின் வைக்கலாம். மூளையாக மட்டும் இருக்கக் கூடாது.

கதவு திறந்தது. பௌஸி கதிரையை இழுத்து அவள் எதிரே அமர்ந்தார்.

"பயப்பட ஒண்டும் இல்லை. காது நல்லாக் கேக்குது. ரயில் கதை, மீன் கதை எண்டு உள்ளுக்க வாய் ஓயேல்லை."

சிவானிக்கு அழுகை வந்துவிட்டது. "அப்ப ஏன் டொக்டர் என்னோடை மட்டும் கதைக்கிறார் இல்லை?"

"அதைத்தான் நானும் கேட்டன்." பௌஸி அவள் கழுத்தில் தொங்கிய ஹெட்போனை ஒருமுறை பார்த்தார். "எத்தினையோ தரம் கூப்பிட்டுப் பாத்தவராம். 'பாவம், எங்கட அம்மாவுக்குக் காது கேக்காது' எண்டார்."