நெஞ்சுப் பட்டை

இயக்குநர் குமரேசன் நெஞ்சில் பட்டையைக் கட்டிக்கொண்டு காட்சியைப் பார்த்தால் போதும். அவர் மனதில் ஓடுவது இசையமைப்பாளர் ஷாஹிதாவின் அறையில் இசையாகவே ஒலிக்கும். "இன்னும் கொஞ்சம் ஈரமா வேணும்மா" என்று அவர் சொல்வதற்கு அர்த்தம் தேடி அவள் மண்டையை உடைத்துக்கொள்வதில்லை.

அன்று கதாநாயகனாக நடிக்கும் ஆளவந்தார் சாகும் காட்சி. ஒலிபெருக்கியில் கல்யாண மேளம் கேட்டது.

"சார், ஆள் செத்துக் கிடக்கிறார். உங்க நெஞ்சு கெட்டிமேளம் கொட்டுது."

"அந்த ஆளவந்தாரை வெச்சு நீ ஒரு படம் எடுத்துப் பாரும்மா. காலையில வரச் சொன்னா மத்தியானம் வந்து இட்லி கேட்பாரு. அவர் கண்ணை மூடினதும் எனக்கு அப்படி ஒரு நிம்மதி."

"சாயங்காலம் அவரே பார்க்க வர்றார். இதைக் கேட்டா டப்பிங் பேச வருவாரா? படம் அப்படியே நின்னுடும்."

குமரேசன் செத்துப்போன தன் நாயை நினைத்துப் பார்த்தார். மேளம் கொஞ்சம் மெதுவானது, அவ்வளவுதான்.

ஷாஹிதா ஒரு பொய் சொன்னாள். "இரண்டாம் பாகத்துக்கும் அவர்தானாம் சார்."

"செத்தவர் எப்படி வருவாரு?"

"இரட்டைப் பிறவியாம்."

அடுத்த நொடி எழுந்த ஒப்பாரியில் அவளுக்கே கண் கலங்கியது.

சாயங்காலம் காட்சியோடு சேர்த்துப் பதிவான அதைக் கேட்டு ஆளவந்தார் விம்மினார். "என் மேல இவ்வளவு பாசமா?" என்று குமரேசனைக் கட்டிக்கொண்டார். "இரண்டாம் பாகம் எடுங்க. சம்பளமே வேண்டாம்."

குமரேசன் பட்டையை இன்னும் கழற்றவில்லை. ஷாஹிதா ஓடிப்போய் ஒலிபெருக்கியை அணைத்தாள்.