குரல் கொடுக்காமல் மூடிய வால்வு

நகராட்சிக் குடிநீர்ப் பிரிவில் நான் ஃபிட்டர். எந்தத் தெருவில் எந்த வால்வு என்பது எனக்குத் தலைகீழ்ப் பாடம். மூடுவதற்கு முன், "தண்ணிய நிறுத்தப் போறேன்!" என்று வீட்டைப் பார்த்துக் குரல் கொடுப்பது எங்கள் வழக்கம். உள்ளே யாராவது குளித்துக்கொண்டிருக்கலாம்.

அன்று போனது வீடே இல்லாத மனைக்கு. வீட்டை இடித்து வருஷக்கணக்காகிறது. மீட்டர் மட்டும் தினமும் காலையில் ஓடுகிறது என்று பக்கத்து வீட்டு அக்கா புகார் கொடுத்திருந்தார்.

"எங்கயோ ஒழுகுதுக்கா. இதெல்லாம் எனக்கு ஒரு வேலையே இல்ல," என்றேன்.

தோண்டினேன். குழாயின் முனை இறுக அடைக்கப்பட்டிருந்தது. மண்ணில் ஈரமே இல்லை. மீட்டர் முள் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. வெறும் மனைதானே என்று, குரல் கொடுக்காமலே வால்வை மூடினேன்.

"யாருங்க அது? கண்ணெல்லாம் சோப்பு!"

மனையின் நடுவிலிருந்து ஓர் ஆண்குரல். அக்கா வீட்டுக்குள் ஓடிக் கதவைத் தாழிட்டுக்கொண்டார். நான் அசரவில்லை. தப்பு என்னுடையது. "மன்னிச்சுக்கங்க சார், இதோ," என்று திறந்துவிட்டேன். முள் விறுவிறுவென்று ஓடி, கொஞ்ச நேரத்தில் தானாக நின்றது.

"ஆச்சுங்க. ரொம்ப நன்றி."

வந்த வேலையைப் பாதியில் விடுகிற ஆள் நானில்லை. மறுபடி வால்வில் கை வைத்தேன். இந்த முறை மறக்காமல், "தண்ணிய நிறுத்தப் போறேன்!" என்று கத்தினேன்.

"கொஞ்சம் இருப்பா," என்றது ஒரு பெண்குரல். "நாங்கல்லாம் இன்னும் குளிக்கல."