எண்ணெய்த் துணி

அப்பா போன பிறகு அவருடைய இரட்டைக்குழல் துப்பாக்கி பரணிலேயே கிடந்து துருவேறிப் போயிருந்தது. விற்றுத் தொலைக்கலாம் என்று இறக்கினேன். உள்ளே தோட்டா இல்லை என்று பார்த்துவிட்டு, குழலுக்குள் கம்பியால் துணியை விட்டு இழுத்தேன். வெளித்துருவை எண்ணெய் தொட்டுத் தேய்த்தெடுத்தேன். கடைசியில் என் கைபட்ட இடத்தையெல்லாம் எண்ணெய்த் துணியால் துடைத்தேன். கைவியர்வை பட்டால் இரும்பு ஒரே ராத்திரியில் துருப்பிடிக்கும் என்று அப்பா உயிரை வாங்குவார்.

மறுநாள் குழலின் மேல் செந்துருவாய் ஒரு கைத்தடம் இருந்தது.

"ஒழுங்கா துடைச்சிருக்க மாட்டீங்க," என்றாள் மனைவி. "நீங்க செஞ்ச வேலை எது உருப்பட்டிருக்கு?"

மறுபடி துடைத்தேன். அடுத்த நாளும் தடம் இருந்தது, விசைக்கு இன்னும் கிட்டத்தில். இந்த முறை அவளே குனிந்து பார்த்தாள். தடத்தில் மோதிர விரல் இல்லை. அப்பாவுக்கு இடது கையில் அந்த விரல் கிடையாது.

"மாமாவுக்குப் பிடிக்கலைங்க. விக்க வேணாம்."

"செத்தவருக்கு என்ன பிடிக்கிறது, பிடிக்காதது? நாளைக்கு வாங்குறவன் வர்றான்."

அன்றிரவு படுக்கையறைக் கதவை அவளே தாழ்ப்பாள் போட்டாள்.

விடிந்ததும் தாழ்ப்பாளைத் திறந்து, போய்த் துப்பாக்கியைப் பார்த்தேன். எங்கும் ஒரு பொட்டுத் துரு இல்லை. அவளிடம் சொல்லிக் காட்டத் திரும்பி வந்தேன்.

அவள் சுவரோடு ஒட்டி நின்றிருந்தாள். இரும்புக் கட்டிலில் என் தலைமாட்டுக் கம்பியில், தூங்குகிறவனைக் குனிந்து பார்ப்பவர் கை ஊன்றும் இடத்தில், செந்துரு. மோதிர விரல் இல்லை.