சாக்லெட்டில் ஒரு கட்டைவிரல்

"ஏங்க, கேக்ல பதிஞ்ச ரேகையை ரொம்பக் கிட்ட வச்சு ஒரு போட்டோ எடுக்கணும். எந்த ஃபிளாஷ் வாங்கட்டும்?"

கேக் செய்து விற்கும் அவள் அதுவரை கேமராவைத் தொட்டதுகூட இல்லை. இன்று தொட்டே ஆகவேண்டிய நிலைமை. மாலையில் ஒரு பிறந்த நாளுக்குப் போகவேண்டிய சாக்லெட் கேக்கின் ஓரத்தை யாரோ பிட்டுத் தின்றிருந்தார்கள். போதாக்குறைக்குப் பக்கத்திலேயே கட்டைவிரல் தடம், ரேகையோடு.

வீட்டில் இருப்பது மூன்றே பேர். கணவர் டாக்டருக்குப் பயந்து இனிப்பை விட்டு மூன்று மாதம் ஆகிறது. மிச்சம் அவளுடைய தம்பிதான். அவனைப் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டாள்.

"நான் தொடவே இல்லக்கா. என்னை நம்பாத வீட்ல எனக்கென்ன வேலை?" என்று அவன் உள்ளே பெட்டி கட்டிக்கொண்டிருந்தான். ரோஷக்காரன், சொன்னால் போய்விடுவான். அவளுக்கு மனசு அடித்துக்கொண்டது. தடத்தைப் பெரிதாகப் படம் எடுத்து அவன் விரலோடு ஒப்பிட்டுவிட்டால் உண்மை தெரிந்துவிடும்.

ஸ்டுடியோ நடத்தும் கணவருக்கு யோசிக்க ஒரு நொடிகூட ஆகவில்லை.

"ரிங் ஃபிளாஷ் வாங்கு. லென்ஸைச் சுத்தி வளையம் மாதிரி மாட்டிக்கலாம். கத்துக்குட்டிங்களுக்கு அதான் லாயக்கு."

"உங்ககிட்டயே ஒரு குட்டி ஃபிளாஷ் இருக்கே? அதைப் பக்கத்துல பிடிச்சு எடுத்தா ஆகாதா?"

"வேண்டவே வேண்டாம். நிழல் விழுந்து படமே கெட்டுடும். ரிங்தான். கிளம்பு."

ஒரு மணி நேரம் கழித்து அவள் வெறுங்கையோடு திரும்பி வந்தாள். நேராக உள்ளே போனாள்.

"தம்பி, பெட்டியைப் பிரிடா. அக்கா தப்பாப் பேசிட்டேன்."

பின்னாலேயே கணவர் வந்தார். "படமே எடுக்கல, அதுக்குள்ள என்ன முடிவு?"

"கடைக்காரர்கிட்ட விஷயத்தைச் சொன்னேன், சிரிச்சிட்டார். ரிங் ஃபிளாஷ் சுத்திலும் ஒரே மாதிரி வெளிச்சம் அடிக்குமாம், மேடு பள்ளமே தெரியாதாம். பக்கத்துல இருந்து அடிச்சு நிழல் விழுந்தாத்தான் ரேகை தெரியுமாம்."

"அப்படியா?"

"நான் கத்துக்குட்டி, எனக்குத் தெரியல. இருபது வருஷமா ஸ்டுடியோ வச்சிருக்கிறவருக்குமா தெரியாது?"

அவர் கட்டைவிரலை மெல்ல உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டார்.